ஊரில்லாத நட்சத்திரங்கள்

மேகமில்லாத ஓர் இரவில், அதோடு மின்சாரமும் நின்றுபோனால், கல்முனைக் கடற்கரையில் நிற்பவருக்கு வானம் முழுவதும் நட்சத்திரம் இறைந்து கிடப்பது தெரியும். எண்ண முடியாது போலத் தோன்றினாலும் வெறுங்கண்ணால் ஒரே வேளையில் பார்க்கக்கூடியவை இரண்டாயிரம், மூவாயிரம் அளவில்தான். அவை அனைத்தும் நம்முடைய பால்வீதி என்ற ஒரே விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை. நமது சூரியனும் அதே ஊரின் குடிமகன்தான். இப்படிப்பட்ட மண்டலங்கள் பிரபஞ்சத்தில் கோடானு கோடி. நட்சத்திரங்கள் மண்டலங்களுக்குள் வாழ்கின்றன, ஒரு மண்டலத்துக்கும் மற்றதற்கும் இடையில் இருப்பது வெறும் இருள். பாடசாலையில் நாம் படித்ததும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவ்வளவுதான்.

அந்த இருளிலும் நட்சத்திரங்கள் இருக்கின்றன சகோதரிகளே! எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல், இரண்டு மண்டலங்களுக்கு நடுவே தன்னந்தனியாகச் சுற்றும் நட்சத்திரங்கள் அவை. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். சில இடங்களில் பத்தில் ஒரு பங்கு, வேறு சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இவை பெருகிக் கிடக்கின்றன. இவற்றின் மங்கலான ஒளி எங்கிருந்து வந்தது, எவ்வளவு இருக்கிறது என்பது இன்றைய வானியலாளர்கள் மத்தியில் தீராத ஒரு வழக்கு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். மண்டலங்களும் நம்மைப் போலவே கூட்டமாக வாழ விரும்புகின்றன. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருப்பதை மண்டலக் கூட்டம் என்போம். நமக்குக் கிட்டியது கன்னி ராசித் திசையில் உள்ளது. மே மாத நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் நம் பகுதியில் தலையை அண்ணாந்து பார்த்தால் ஏறத்தாழ உச்சியில் அந்த இடம் இருக்கும். அதற்கு அருகே டெனெபோலா என்றொரு நட்சத்திரம் மின்னும். ஆங்கிலப் பெயர் போலத் தோன்றினாலும் அது அரபுச் சொல்தான். 'தனபுல் அஸத்', சிங்கத்தின் வால். அந்த வாலுக்குச் சற்றுக் கிழக்கே வெறுமையாகத் தெரியும் வானத்துண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் உள்ளன. தூரம் சுமார் 5 கோடி 40 இலட்சம் ஒளியாண்டுகள். ஒளி ஒரு வருடத்தில் ஓடும் தூரமே ஓர் ஒளியாண்டு; கிலோமீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி.

இக்கூட்டங்களின் இடைவெளியில் ஒளி இருப்பதை முதலில் எடுத்துச் சொன்னவர் பிரிட்ஸ் சுவிக்கி என்ற சுவிஸ் நாட்டவர். அமெரிக்காவில் பணியாற்றிய இவர் 1951ஆம் ஆண்டில் கோமா என்ற மண்டலக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, மண்டலங்களுக்கு இடையே ஒரு மெல்லிய ஒளிப்படலம் பரவியிருப்பதைக் குறிப்பிட்டார். கோமா நம்மிலிருந்து சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுகளில் இதைக் கண்டு சொல்வதற்குக் கூரிய கண் வேண்டும்; யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை என்ற துணிச்சலும் வேண்டும். சுவிக்கியிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

மங்கலானதைப் புறக்கணிக்காமல் எழுதிவைப்பது பழைய பழக்கம் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964 அளவில் எழுதிய நட்சத்திர நூலில், பிரகாசமான நட்சத்திரங்களை வரிசைப்படுத்தியதோடு நிற்காமல், ஓரிடத்தில் மேகம் போன்ற ஒரு சிறு கறை தெரிவதையும் பதிந்துவைத்தார். அந்தக் கறைதான் இன்று அன்ட்ரொமீடா என்று அழைக்கப்படும் பக்கத்து மண்டலம். தொலைகாட்டி பிறப்பதற்கு அறுநூறு வருடங்களுக்கு முந்திய சங்கதி இது.

சுவிக்கி கண்ட ஒளி உண்மையில் நட்சத்திரங்களிலிருந்துதான் வருகிறதா என்ற கேள்வி நீண்ட காலம் நிலைத்தது. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி கன்னிக் கூட்டத்தில் மண்டலங்கள் ஏதுமற்ற ஒரு வெற்றிடத்தை உற்றுப் பார்த்தது. அங்கே சுமார் 600 செந்நிற முதிய நட்சத்திரங்கள் தனித்தனியாகத் தென்பட்டன. 1997 ஜனவரியில் இச்செய்தி வெளியானது. அப்படியொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தில் ஒருவர் நின்று இரவு வானத்தைப் பார்த்தால், நாம் காணும் நட்சத்திரக் கூட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. கும்மிருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கிய மண்டலத் துணுக்குகள் தெரியலாம். அவ்வளவுதான்.

பிடுங்கி எறிவது யார்?

இடம்பெயர்வு என்றால் என்ன என்பதை நம் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990இலும் 2004 டிசம்பர் 26இலும் ஒரே நாளில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நட்சத்திரங்களின் இடம்பெயர்வு மிக மெதுவானது. நூறு கோடி ஆண்டுக் கணக்கில் நடப்பது.

சந்திரன் பூமியின் கிட்டிய பக்கத்தைக் கூடுதலாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசமே கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குகிறது. ஒரு சிறிய மண்டலம் ஒரு பெரிய மண்டலத்தின் அருகே போகும்போதும் இதே இழுபறிதான். சிறியதன் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்பட்டு அது நீண்டு போகிறது. மருதமுனைத் தறியில் நெய்த சாரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் கட்டாத துணியை இழுத்தால் முதலில் பிரிந்து வருவது கரையோர நூல்தானே? நடுவே இறுக நெய்த பகுதி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மண்டலத்திலும் வெளியோரத்து நட்சத்திரங்களே முதலில் கழன்று வாலாக நீளுகின்றன. பிறகு அந்த வாலும் கலைந்து கூட்டத்தின் பொதுவெளியில் மங்கலான ஒளியாகப் பரவிவிடுகிறது. நமது பால்வீதியும் இந்த விடயத்தில் நிரபராதியல்ல. தனுசு ராசித் திசையில் ஒரு சிறு மண்டலத்தைப் பால்வீதி பிய்த்துக்கொண்டிருப்பது 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது.

அருகே போனால்தான் பிய்யும். ஆனால் ஒரு மண்டலம் ஏன் அருகே போகிறது, பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். இதற்கு விடை தந்தவர் ஒரு தமிழர். லாகூரில் 1910ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர்தான் அவர். நோபல் பரிசைப் பற்றிப் பலரும் அறிவர்; 1943இல் அவர் எழுதிய ஆய்வைப் பற்றி அறிந்தவர் குறைவு. பாரமான ஒரு பொருள் பல சிறு பொருட்களின் நடுவே ஓடும்போது, தன் ஈர்ப்பால் அவற்றைத் தன்பால் வளைக்கிறது. ஆனால் அவை வந்து சேரும்போது அது கடந்து போய்விடுகிறது. ஆகவே அதன் பின்னால்தான் அவை நெருங்கிக் கூடுகின்றன. கூடியவை எல்லாம் சேர்ந்து அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் வாப்பா பந்தலைக் கடந்து போக முயலுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கடந்த பிறகுதான் ஒவ்வொருவரும் எழும்பிப் பின்னால் போய்க் கையைப் பிடிப்பார்கள். தடுத்து நிறுத்த யாரும் இல்லாமலே அவரது வேகம் குறைந்துவிடும்.

சந்திரசேகர் இதை நட்சத்திரங்களுக்காகக் கணக்கிட்டார். 1970களில் அதே கணக்கை மண்டலக் கூட்டங்களுக்குப் பிரயோகித்தார்கள். பாரமான மண்டலங்கள் வேகம் இழந்து கூட்டத்தின் நடுப்பகுதிக்குத் தாழ்ந்து வருகின்றன. அங்கேயிருக்கும் இராட்சத மண்டலம் அவற்றைச் சிதைத்து விழுங்குகிறது. விழுங்கும்போது சிந்தியதுதான் இடைவெளியில் காணப்படும் ஒளி.

மின்குமிழ்களால் ஒரு பிரபஞ்சம்

நூறு கோடி வருடம் நடக்கும் காரியத்தைக் காத்திருந்து பார்க்க எவராலும் இயலாது. எனவே நடித்துக் காட்டும் ஒரு பிரபஞ்சம் தேவைப்படுகிறது. இதற்கு முதலில் வழி கண்டவர் சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹொல்ம்பேர்க். ஆண்டு 1941. கணனி என்ற பேச்சே இல்லாத காலம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மண்டலத்துக்கு 37 மின்குமிழ்கள் வீதம் இரண்டு மண்டலங்களுக்கு 74 குமிழ்களை மேசைமேல் வைத்தார். தூரம் இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகக் குறையும். ஈர்ப்பு விசையும் அப்படியே குறையும். ஆகவே ஒவ்வொரு குமிழும் இருக்கும் இடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளந்தால் அது அந்த நட்சத்திரத்தின் மீதான ஈர்ப்புக்குச் சமம். அளந்து, குமிழைக் கையால் சற்று நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி... இப்படியே இரண்டு மண்டலங்கள் உரசிப் போகும் காட்சியை அவர் நடத்திக் காட்டினார். ஒன்றையொன்று கடக்கும்போது அவற்றின் உருவம் கோணலாகி இழுபடுவதை அந்த மேசையிலேயே கண்டார். விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு பொறுமையான வேலைகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

1972இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் கணனியில் இதையே செய்து, மண்டலங்களிலிருந்து வாலும் பாலமும் நீளுவதை விளக்கினார்கள். அதன்பின் வளர்ச்சி வேகமானது. 2018இல் முதல் முடிவுகளை வெளியிட்ட இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி என்ற திட்டத்தின் பெரிய பெட்டி, ஒரு பக்கம் சுமார் 100 கோடி ஒளியாண்டு நீளமுள்ளது. பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளை ஜேர்மனியிலுள்ள மாபெரும் கணனியொன்று அதற்குள் ஓட்டிக் காட்டியது. வாயு குளிர்ந்து நட்சத்திரமாவது, மண்டலங்கள் கூடுவது, கருந்துளைகள் வாயுவை ஊதித் தள்ளுவது எல்லாம் அதற்குள் நடக்கின்றன. மண்டலக் கூட்டங்கள் தாமாகவே உருவாகின்றன. அவற்றின் இடைவெளியில் ஊரில்லாத நட்சத்திரங்களும், யாரும் வைக்காமலே, வந்து சேர்ந்துவிடுகின்றன. அனலிசா பிலெபிச் என்ற பெண் ஆய்வாளரின் தலைமையில் அவற்றை எண்ணிப் பார்த்தபோது, கூட்டம் பெரிதாகப் பெரிதாக வெளியிலிருந்து வந்து சேர்ந்த நட்சத்திரங்களின் பங்கும் கூடுவது தெரிந்தது.

ஒரு குறை மட்டும் உண்டு. அந்தப் பெரிய பெட்டியில் ஒரு துணிக்கை என்பது ஒரு நட்சத்திரம் அல்ல. சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் சூரியன்களின் எடை கொண்ட ஒரு மூட்டை! அதற்கும் சிறிதானதை அந்தக் கணனி அறியாது. கண் பெரிதான வலையில் நெத்தலி நிற்காததைப் போல, சிறு மண்டலங்கள் இப்படிப்பட்ட கணக்குகளில் சரியாக நிற்பதில்லை. இறுக்கமாக இருக்க வேண்டியவை தளர்ந்து, பிய்ய வேண்டிய அளவுக்கு மேல் பிய்ந்துவிடலாம். அப்படியானால் இடைவெளியில் எண்ணப்படும் நட்சத்திரங்களில் எவ்வளவு இயற்கையின் வேலை, எவ்வளவு கணனியின் வேலை?

எல்லைக் கல் எங்கே?

இந்தச் சந்தேகம் சும்மா எழுந்ததல்ல. 2010இல் வெளியான ஒரு கணிப்பில், கூட்டத்தின் நட்சத்திரங்களில் சுமார் 45 வீதம் இடைவெளியில் கிடப்பதாக வந்தது. தொலைகாட்டியால் பார்த்தவர்களோ பெரும்பாலும் 10 முதல் 40 வீதம் வரை என்று சொல்லிவந்தார்கள். 10 எங்கே, 40 எங்கே! பார்த்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு ஏன்?

மெயின் வீதியால் கல்முனைக்குடியிலிருந்து தெற்கே போகும் ஒரு வெளியூர்க்காரரிடம், சாய்ந்தமருது எந்த வீட்டில் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். மதிலோடு மதில் ஒட்டியிருக்கிறது. அவர் என்னதான் சொல்வார்? நம்மவர்களுக்கு எல்லை தெரியும்; ஆனால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல அது. (இந்த உதாரணத்தை இதற்கு மேல் நீட்டினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.) மண்டலக் கூட்டத்தின் நடுவேயுள்ள இராட்சத மண்டலமும் அப்படித்தான். அதன் ஒளி வெளிநோக்கிப் போகப் போகச் சிறிது சிறிதாகக் குறைகிறது. எந்த இடத்தில் மண்டலம் முடிந்து பொதுவெளி ஆரம்பிக்கிறது என்பதற்கு எல்லைக் கல் நாட்டப்படவில்லை. ஒருவர் குறிப்பிட்ட பிரகாசத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் வெளி என்கிறார். இன்னொருவர் நடுவிலிருந்து இத்தனை இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் வெளி என்கிறார். வேறொருவர் நட்சத்திரம் ஓடும் வேகத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்.

அவுஸ்திரேலியாவில் பணிபுரியும் சாரா பிரஃப் என்ற பெண்மணியின் தலைமையில் 2024இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. நான்கு வெவ்வேறு கணனிப் பிரபஞ்சங்களிலிருந்து எடுத்த கூட்டங்களின் படங்களை, தொலைகாட்டிப் படத்தை அளப்பவர்களிடமும், கணனித் துணிக்கைகளை எண்ணுபவர்களிடமும் கொடுத்தார்கள். ஒரே கூட்டத்துக்கு ஆளுக்கொரு விடை வந்தது. கணனிப் பிரபஞ்சங்களுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட அளக்கும் முறைகளுக்கிடையே இருந்த வேறுபாடுதான் கவனிக்கப்பட வேண்டியதாக இருந்தது. வானத்தின் மீது பழியைப் போடுவதற்கு முன் முழக்கோலைச் சரிபார்க்க வேண்டும் என்று இதைச் செய்தது மிகவும் நியாயமான காரியம் என்றே நான் கருதுகிறேன்.

அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒளி மிக இருண்ட இரவு வானத்தின் சொந்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வானியலாளர்கள் எந்தப் படத்திலிருந்தும் முதலில் வானத்தின் வெளிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். சுளகில் புடைக்கும்போது தவிட்டோடு உடைந்த அரிசியும் பறந்துவிடுவதைப் போல, அந்தக் கழிப்பிலேயே தேடிய ஒளியும் சேர்ந்து போய்விடுவதுண்டு. ஆண்டாண்டு காலமாக எத்தனையோ படங்களில் இது குப்பையாகவே போயிருக்கிறது.

2023 ஜனவரியில் தென்கொரிய ஆய்வாளர்கள் வழக்கை மேலும் சூடாக்கினார்கள். நம்மிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கோடி வருடத்துக்கு முந்திய நிலையில் தெரியும் பத்துக் கூட்டங்களை ஹபிள் படங்களில் ஆராய்ந்தார்கள். அப்போதே இடைவெளி ஒளி இன்றைக்குள்ள அளவுக்கு, அதாவது சராசரி 17 வீதம் அளவுக்கு, இருந்தது என்றார்கள். இந்த ஒளி பிற்காலத்தில், கடைசி சில நூறு கோடி வருடங்களில்தான், பெருகியது என்று காட்டிய கணிப்புகளுக்கு இது பதில் சொல்ல முடியாத கேள்வியாகிவிட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் அவ்வளவு நட்சத்திரங்கள் எப்படி ஊரை விட்டன?

கண்ணுக்குத் தெரியாததன் நிழல்

ஊரில்லாத நட்சத்திரங்களை எண்ணி ஆகப்போவது என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு இனித்தான் முக்கியமான செய்தி. சுவிக்கி 1933இலேயே இன்னொன்றைச் சொல்லியிருந்தார். கோமா கூட்டத்தின் மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் எடை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. தெரியாத ஏதோவொன்று கட்டிவைத்திருக்கிறது என்றார். அதைத்தான் கரும்பொருள் என்கிறோம். அது என்ன என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

கரும்பொருள் ஒளி தராது. ஆனால் தனித்துத் திரியும் நட்சத்திரங்கள் எந்த மண்டலத்தின் பிடியிலும் இல்லாததால், கூட்டம் முழுவதன் ஈர்ப்புக்கே கட்டுப்பட்டு ஓடுகின்றன. ஆகவே அவை பரவியிருக்கும் வடிவம் கரும்பொருள் பரவியிருக்கும் வடிவத்தை ஒத்திருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மிரேயா மொன்டெஸ், இக்னாசியோ ட்ருஹியோ இருவரும் ஹபிள் எடுத்த ஆறு கூட்டங்களின் ஆழமான படங்களை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் காட்டியது. இடைவெளி ஒளியின் வரைபடமும், வேறு வழியால் கண்டறிந்த கரும்பொருள் வரைபடமும் வியக்கத்தக்க விதத்தில் பொருந்தின. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் முதற்படம் 2022 ஜூலை 11இல் வெளியானபோது அதே இருவரும் அதிலும் இந்த ஒளியைத் தேடிக் கண்டார்கள். அந்தக் கிழமை நமது நாட்டில் எரிபொருள் வரிசையும் ஆட்சிக் குழப்பமும் உச்சத்தில் இருந்ததால் வானத்தைப் பற்றிய செய்தி நமக்கு எட்டியிருக்க நியாயமில்லை.

அந்த வேறு வழி என்ன? பாரமான பொருள் தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும். வளைவை அளந்தால் பாரம் தெரியும். இதில் உலகறிந்த பெயர்களில் ஒன்று பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து, டில்லியில் வளர்ந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருப்பவர். மண்டலக் கூட்டத்துக்குள் விழுந்த மண்டலங்களின் கரும்பொருள் போர்வையும் ஓரம் பிய்ந்து சுருங்கிவிட்டதற்கான சான்றை அவரும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்டார்கள். நட்சத்திரம் கழலுவதற்கு முன் கரும்பொருள் கழன்றுவிடுகிறது. மேலங்கி போன பிறகுதானே உள்ளங்கிக்குச் சேதம்! 2020 செப்டெம்பரில் அவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, பதினொரு கூட்டங்களை எடுத்துப் பார்த்து, அவற்றுக்குள் இருக்கும் சிறு மண்டலங்கள் ஒளியை வளைக்கும் திறன் கணனிப் பிரபஞ்சம் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்று கண்டது. கணனியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அல்லது கரும்பொருளைப் பற்றி நாம் நினைத்திருப்பதில் ஏதோ பிழை.

இக்கட்டுரையில் வந்த பெயர்களில் எத்தனை பெண்களுடையவை என்பதைக் கவனித்தீர்களா? நான் தேடிப் பொறுக்கியதல்ல. இத்துறையே இன்று அப்படித்தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க விரும்பும் மகளுக்கு 'அதெல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு' என்று சொல்லும் வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பக்கத்தை நீட்டிவிடுங்கள்.

2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைகாட்டி, பேர்சியஸ் என்ற கூட்டத்தைப் பார்த்த விபரம் 2024 மே மாதம் வந்தது. 24 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள அந்தக் கூட்டத்தின் இடைவெளியில் ஒன்றரை இலட்சம் கோடி நட்சத்திரங்கள் தனித்துத் திரிவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நமது பால்வீதியின் நட்சத்திரங்களைப் போலப் பல மடங்கு. அவற்றின் நிறம் சற்று நீலமாக இருப்பதால், பெரிய மண்டலங்களின் ஓரங்களிலிருந்து கழன்றவையும், முற்றாகச் சிதைந்த சிறு மண்டலங்களும் சேர்ந்தே இதை ஆக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னுமொன்று: அந்த நட்சத்திரங்கள் கூட்டத்தின் மிகப் பெரிய மண்டலத்தை நடுவாகக் கொண்டு சுற்றவில்லை. அதற்கும் பக்கத்திலுள்ள மற்றொரு பெரிய மண்டலத்துக்கும் இடையே, எதுவும் இல்லாத ஓர் இடத்தைச் சுற்றுகின்றன. அந்தக் கூட்டமே அண்மையில் ஏதோ ஒன்றோடு மோதிக் குலுங்கியிருக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சிலி நாட்டு மலையொன்றில் அமைந்த வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூன் 23இல் தன் முதற்படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று நாம் ஆரம்பத்தில் சொன்ன கன்னிக் கூட்டம். பத்து வருடங்களுக்கு ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து அடுக்குவதே அதன் வேலைத்திட்டம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க, மங்கிய ஒளி மேலெழும்பி வரும். சாரா பிரஃப் குழுவினர் முழக்கோலைச் சரிபார்த்ததும் இதற்காகத்தான்.

பேர்சியஸ் கூட்டம் இருக்கும் திசையை அடையாளம் காண ஆசைப்படுவோர் டிசம்பர் மாதம் இரவு ஒன்பது மணியளவில் வடக்குப் பக்கம் பார்க்கலாம். அல்கோல் என்ற நட்சத்திரத்துக்கு மிக அருகே அது உள்ளது. அதுவும் அரபுப் பெயர்தான். 'ரஃஸுல் கூல்', பூதத்தின் தலை. அந்த மாதம் நமக்கு மாரிகாலம் என்பதால் மழை விட்டு மேகம் விலகும் இரவுக்குக் காத்திருக்க வேண்டும்.